அண்ணியின் அறிக்கையில் இருந்த ஒரு வரி

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. வேலை மிகுதி என்று சொல்லித் தப்பிக்க மனமில்லை. அதோடு நீ அனுப்பிய மார்பகக் கட்டிப் பரிசோதனை அறிக்கையில் அண்ணியின் பெயரைப் பார்த்ததும் எனக்கு எழுதக் கை வரவில்லை. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டான்.

"எச்எஸ்பி 70: மிகுதி" என்று ஒரு புரதத்தைப் பற்றி அதில் இருந்த வரியைப் பிடித்துக்கொண்டு நீ இரவெல்லாம் தேடிப் படித்திருக்கிறாய், தேர்வுக்கு முந்தைய நாள் விடிய விடியப் படித்துக் காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளும் அதே மீனாட்சிதான். மார்பகப் புற்றுநோயில் அந்தப் புரதம் மிகுந்திருந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கக்கூடும் என்று நீ படித்தது பொய்யில்லை. ஆனால் அது எதற்காக மிகுகிறது என்று தெரிந்தால்தான் அந்த வரியின் எடை புரியும்.

இத்தாலியில் ரித்தோசா என்ற மரபியல் ஆய்வாளருடைய ஆய்வகத்தில் யாரோ இன்குபேட்டரின் வெப்பத்தைக் கூட்டிவிட, பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களில் புதிய இடங்கள் உப்பியிருப்பதை அவர் கண்டார். அதை 1962இல் வெளியிட்டார். அந்த இடங்களிலிருந்து உருவாகும் புரதங்கள், அதாவது எச்எஸ்பி என்று சுருக்கிச் சொல்லப்படும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், 1974இல்தான் அடையாளம் காணப்பட்டன. வெப்பம் முதலான நெருக்கடிகளில் மடிப்புக் குலைந்து போகும் பிற புரதங்களைத் தாங்கிப் பிடித்துச் சீராக்குவது இவற்றின் வேலை. புற்றணுவோ எப்போதுமே நெருக்கடியில் வாழ்கிறது: ஆக்சிஜன் போதாது, பிறழ்ந்த புரதங்கள் குவிகின்றன. அதனால் இந்தக் காவலர்களைப் பெருக்கிக்கொண்டு, தான் அழிய வேண்டிய நேரத்திலும் அழியாமல் நிற்கிறது. இப்புரதம் மிகுந்த மார்பகக் கட்டிகள் சில மருந்துகளுக்கு அடங்காமல் போவதும் இதனால்தான்.

ஆனால் இதே எச்எஸ்பி 70, எலும்புப் புற்றுநோயான ஆஸ்டியோசார்கோமாவில் கீமோ நன்றாக வேலை செய்யும் என்பதற்கான அறிகுறியாகக் காணப்பட்டிருக்கிறது. அதன் உறவான எச்எஸ்பி 27 இரைப்பை, கல்லீரல், புராஸ்டேட் புற்றுநோய்களில் மோசமான போக்கோடு சேர்த்துப் பேசப்படுகிறது. இந்தப் புரதங்களை உருவாக்கத் தூண்டும் எச்எஸ்எஃப் 1 என்ற இன்னொரு புரதத்தைப் பற்றி, மார்பகப் புற்றுநோய் கண்ட 1,841 பெண்களின் திசுக்களைக் கொண்டு செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. செல்லின் உட்கருவில் அது மிகுந்திருந்தோரிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. அது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய கணக்கு, மீனாட்சி. அவர்களுள் எந்த ஒருத்தியின் நாளையும் அது குறித்துச் சொல்லவில்லை. மேலும், புரதம் தெரியும்படி திசுவுக்கு நிறமேற்றும் முறையும், எதை மிகுதி என்று கொள்வது என்ற அளவும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆராய்ச்சிக்காகச் செய்த ஒரு சோதனையின் முடிவை, விளக்கம் ஒரு சொல்லும் இல்லாமல், வீட்டாரின் கையில் கொடுத்துவிட்டார்கள். அண்ணியின் சிகிச்சையை அது முடிவு செய்யப்போவதில்லை. நீ அனுப்பிய நகலில் நான் இரண்டு முறை படித்தவை வேறு வரிகள்: கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு (அதனால் ஹார்மோன் மாத்திரை பலன் தரக்கூடும்), கட்டியின் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர் 2 புரதத்தின் மிகுதி இல்லை. மருத்துவர் வழிகாட்டியாகக் கொள்பவை இவையே. இவை நம்பிக்கை தருபவை. ஹார்மோன் மாத்திரையை அண்ணி ஒரு நாளும் விடாமல் சாப்பிடும்படி மட்டும் பார்த்துக்கொள்.

அடுத்த பரிசோதனைக்கு எந்த நாள் வருகிறீர்கள் என்று எழுது. விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
வசந்தா