பூங்கோதைக்கு, புல் பூக்கும் முன்

ஹாரோ,
ஏப்ரல் 14

அன்புள்ள பூங்கோதை,

கடிதம் கிடைத்தது. கோமதி வீடு கட்டி கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டாளா! மெஸ் பில் கட்ட நம்மிடம் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்தவளாச்சே. போட்டோ இருந்தால் அனுப்புடீ. எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம். யாழினி பத்தாம் வகுப்பை நெருங்குகிறாள், பேச்சு மட்டும் குறையவில்லை.

இனியனுக்கு இந்த வருஷமும் தும்மல் வருமா என்று கேட்டிருக்கிறாய். வரும். சளி என்று நினைத்துப் பாவம் அவனுக்குத் தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தியிருக்கிறாய். காய்ச்சல் இல்லை, மூக்கு தண்ணீராய் ஓடுகிறது, கண்ணைக் கசக்குகிறான், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாயே! யாழினிக்கும் அச்சு அசல் இதுதான். தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருந்தது. எங்கள் ஜிபி, அதாவது ஏரியா டாக்டர், பார்த்ததும் ஹே ஃபீவர் என்றார், மகரந்தத்தால் வரும் அலர்ஜி. ஊரில் இல்லாதது இங்கே எப்படி என்று கேட்காதே. உடம்பு ஒன்றிரண்டு கோடை இந்த ஊர்ப் புல்லின் மகரந்தத்தைப் பார்த்த பிறகுதான் முறைத்துக்கொள்ளும்.

இதற்கு மகரந்தம்தான் காரணம் என்று சோதித்துக் காட்டியவர் உங்கள் மான்செஸ்டர் டாக்டர்தான், தெரியுமா? சார்லஸ் பிளாக்லி. அவருக்கே இந்த உபாதை. மகரந்தத்தைத் தன் மூக்கிலேயே போட்டுப் பார்த்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, மேலே எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்றும் எண்ணினார். 1873-ல் எல்லாவற்றையும் அச்சில் வெளியிட்டார். நம் ஆட்கள் பட்டம் விட்டால் திட்டுதான் விழும்.

விஷயத்துக்கு வருகிறேன். இப்போது காற்றில் இருப்பது பிர்ச் மர மகரந்தம். பெரும்பாலான பிள்ளைகளைப் படுத்துவது புல். அது மே நடுவில் தொடங்கி ஜூலை வரை போகும். அதனால் இந்த வாரமே ஜிபியிடமோ பார்மசியிலோ இனியன் வயதைச் சொல்லி ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே கேள். கடையில் நேராகக் கிடைப்பதில் பல 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஸ்டீராய்டு என்றதும் பதறாதே, மூக்கில் அடிப்பது மிகச் சிறிய அளவு. தும்மல் ஆரம்பித்த பிறகு அடித்தால் உடனே கேட்காது. சீசனுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி தினமும் அடிக்க வேண்டும்.

அடிக்கும் விதத்தில்தான் எல்லாமே. தலையைக் கொஞ்சம் குனியச் சொல். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை காதுப் பக்கம் பார்க்கட்டும், நடுத்தண்டில் பட்டால் ரத்தம் வரும். பிறகு மெதுவாக மூச்சு இழுத்தால் போதும். தொண்டையில் மருந்து கசந்தால் பலமாக உறிஞ்சிவிட்டான் என்று அர்த்தம்.

அரிப்புக்கு செட்ரிசின் சிரப் போல தூக்கம் அதிகம் வராத மருந்து போதும். காலையில் வீட்டிலேயே கொடுத்துவிட்டால் பள்ளியில் படிவம் நிரப்பும் தொல்லை இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த அவில் மாத்திரை வேண்டாம், வகுப்பில் தூங்கி விழுவான்.

பள்ளி விட்டு வந்ததும் தலைக்குக் குளிக்க வைத்து உடுப்பை மாற்று. மகரந்தம் முடியில்தான் ஒட்டி வந்து தலையணைக்குப் போகிறது. வெயில் அடிக்கிறதே என்று துணியைத் தோட்டத்தில் காயப்போடாதே, இது எனக்கு இன்றைக்கும் மனசு கேட்காத ஒன்று! வெளியே போகும்போது மூக்கைச் சுற்றி வாஸ்லின் தடவு. மெட் ஆபீஸ் (இங்கத்திய வானிலை மையம்) மகரந்த அறிவிப்பில் உங்கள் வடமேற்குப் பகுதியைப் பார்த்துக்கொள்.

உன் மாமியார் ஜூனில் வருகிறார்களாமே. நொச்சி இலையைக் கொதிக்க வைத்துப் போர்வைக்குள் ஆவி பிடிக்கச் சொல்வார்கள். கெஞ்சியாவது தடுத்துவிடு. கொதிநீர் மடியில் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் அதிகம் என்பதால் இங்கே டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்றால், உப்புத்தண்ணீர் ஸ்ப்ரேயை அவர்கள் கையிலேயே கொடுத்து அடிக்கச் சொல்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதே. நெஞ்சில் விசில் சத்தம், இரவில் இருமல், ஓடினால் மூச்சு வாங்குவது, இதில் எது இருந்தாலும் அன்றே ஜிபியைக் கூப்பிடு. மூச்சுவிடவே திணறினால் யோசிக்காமல் 999-க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

ஆகஸ்டில் நாங்கள் அங்கே வருவதாக இருக்கிறோம். புளிக்காய்ச்சல் கிளறி எடுத்து வருகிறேன், வேறென்ன வேண்டும் என்று எழுது. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுமதி