பத்து ஊர்ப் பட்டியலும் ஒன்பது நாள் பயணமும்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் நோட்டுத் தாளில் எண் போட்டு எழுதி, படம் பிடித்து அனுப்பிய பட்டியல் கிடைத்தது. நியூயார்க், நயாகரா, வாஷிங்டன், சிகாகோ, ஆர்லாண்டோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, கிராண்ட் கேன்யன், லாஸ் வேகாஸ், யெல்லோஸ்டோன் என்று பத்து இடங்கள். தம்பிக்கு அக்டோபர் இரண்டாவது வாரத்தில் ஐந்து நாள் விடுப்பு; முன்னும் பின்னும் வரும் சனி, ஞாயிற்றையும் சேர்த்தால் ஒன்பது நாள். இதில் எதை விடலாம் என்று நீயே சொல் என அடியில் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளைப் பார்க்க இங்கே அமெரிக்காவுக்கு வரும் பெற்றோர் பலருடைய கையிலும் ஏறத்தாழ இதே பட்டியல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் சம்மதத்துடன், எல்லாரும் படிக்கும்படியாகவே பதிலை எழுதுகிறேன்.

ஒன்பது நாளையும் நாட்டின் ஒரே மூலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். நீங்கள் அதற்கு உடனே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மூன்றில் ஒரு பங்கையாவது பார்க்காமல் திரும்புவதா என்று கேட்பீர்கள். முப்பது ஆண்டுகள் பூகோளம் நடத்திய உங்களுக்குத் தூரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பட்டியல் எழுதும்போது எல்லாருமே வரைபடத்தின் அளவுகோலை மறந்துவிடுகிறோம். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சாலை வழியே ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போவதைவிட அதிகம். விமானத்தில் ஆறு மணி நேரம்தானே என்று தோன்றும். விடியற்காலையில் வீட்டைப் பூட்டிக் கிளம்புவது, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்பது, இறங்கிய ஊரில் வாடகைக் கார் வாங்குவது, அறைக்குப் போய்ச் சேருவது எல்லாவற்றையும் கூட்டினால் ஒவ்வொரு விமானமும் ஒரு பகலை விழுங்கிவிடும். பத்து ஊரையும் தொட ஆறேழு விமானமாவது ஏற வேண்டும். மிச்சமிருக்கும் நாட்களை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவும் அப்பாவும் முதல் தடவை வந்தபோது, அவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் எட்டு நாளில் ஐந்து நகரங்கள் என்று திட்டம் போட்டேன். சிகாகோவில் இடியும் மழையுமாக மாலை விமானம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ரத்தாகிவிட்டது. நள்ளிரவில் அறை கிடைக்காமல், விமான நிலையத்தின் கம்பளத் தரையில் அம்மாவின் பருத்திப் புடவை ஒன்றை விரித்து மூவரும் படுத்தோம். தலைக்குமேல் விளக்குகள் அணையவே இல்லை. துடைப்பு வண்டி ஒன்று கால்மணிக்கு ஒருமுறை எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அந்தப் பயணத்தைப் பற்றி இன்று கேட்டாலும் அம்மா முதலில் சொல்வது, "தரையில படுத்துக் கிடந்தோமே, அந்த ஊருதானே?" என்பதுதான். மற்ற நான்கு ஊர்களையும் புகைப்படத்தைப் பார்த்துத்தான் அவர் பிரித்துச் சொல்கிறார்.

அடுத்தது மாதம். அக்டோபர் நடுவில் எது திறந்திருக்கும், எது நன்றாக இருக்கும் என்று பார்த்தாலே பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். யெல்லோஸ்டோன் பூங்காவில் அப்போதே பனி விழத் தொடங்கிவிடும்; தங்கும் விடுதிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கும்; நவம்பர் தொடக்கத்தில் பெரும்பாலான சாலைகளையே கார்களுக்கு அடைத்துவிடுவார்கள். கலிபோர்னியா போனால் யோசெமிட்டி பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று தம்பி சொன்னானாம். அங்குள்ள பெரிய அருவி பனி உருகி வரும் நீரை நம்பியது, மே மாதத்தில் முழங்கும், கோடை முடியும்போது பெரும்பாலும் வெறும் பாறையாக நிற்கும். புளோரிடாவில் புயல் பருவம் நவம்பர் கடைசிவரை நீடிக்கும். அதோடு ஆர்லாண்டோ என்பது குழந்தைகளுக்காக வரிசையில் நிற்கும் ஊர், பேரன் பிறந்து நடக்கத் தொடங்கட்டும். லாஸ் ஏஞ்சல்ஸை நான் கூசாமல் அடித்துவிடுவேன். சான் பிரான்சிஸ்கோவை அடிக்க மனம் வரவில்லை, ஆனால் அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

இனி பக்கத்தில் இருப்பவை. தம்பி இருப்பது நியூஜெர்சியில் என்பதை உங்கள் பட்டியல் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் இரண்டு மாதம் தங்கப்போகிறீர்கள்; எட்டு வார இறுதிகள் கையில் இருக்கின்றன. நியூயார்க் அவன் வீட்டிலிருந்து உள்ளூர் ரயில் போகும் தூரம்தான். சுதந்திர தேவி சிலையைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்றால், ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் இலவசப் படகில் ஏறினாலே போதும். இருபத்தைந்து நிமிடப் பயணத்தில் சிலை உங்கள் கண்முன்னே கடந்து போகும். சித்திக்கு ஒரு நாள் பிளஷிங் பிள்ளையார் கோயில்: 1977இல் குடமுழுக்கு நடந்த கோயில், அதன் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை கிடைக்கும். பிலடெல்பியாவுக்கு ஒரு பகல் போதும். 1776இல் விடுதலைப் பிரகடனத்தை ஏற்ற மண்டபமும் விரிசல் விட்ட மணியும் எதிரெதிரே இருக்கின்றன.

வாஷிங்டனுக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்குங்கள், ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்குள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. விண்வெளி அருங்காட்சியகத்துக்கு மட்டும் நேரம் குறித்த இலவசச் சீட்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானம் அங்கேதான் இருக்கிறது. லிங்கன் நினைவகத்தின் படிகளில் ஏறும்போது, மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று நின்று பேசிய இடத்தைக் கல்லில் பொறித்திருப்பதைக் கவனியுங்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு அவர் நம் கன்னியாகுமரிக்கு வந்திருந்தவர் என்பதால், அந்தப் படியில் எனக்கு எப்போதும் கொஞ்சம் உரிமை தோன்றும்.

நயாகராவுக்கும் விடுப்பு எடுக்கத் தேவையில்லை. காரில் ஆறேழு மணி நேரம்; வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். அருவியின் அடிவரை போகும் படகு நவம்பர் தொடக்கம்வரை ஓடும், வழியெல்லாம் இலைகள் நிறம் மாறியிருக்கும். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் ஐந்தருவிக்குத் தலையைக் கொடுத்து வளர்ந்தவர் நீங்கள். நயாகராவில் பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, தண்ணீரைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். பிரம்மாண்டம்தான், மறுக்கவில்லை, ஆனால் குளிக்க முடியாத அருவி தென்காசிக்காரருக்கு எந்த அளவு அருவி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆக, விடுப்பைச் செலவழித்துப் போக வேண்டிய இடமாக மிஞ்சுவது, நீங்கள் எட்டாவது எண்ணில் எழுதியிருக்கும் கிராண்ட் கேன்யன். அதை ஏன் எட்டாவதாகப் போட்டீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை, சித்தப்பா. ஆறாம் வகுப்பு விடுமுறையில் உங்கள் வீட்டுத் திண்ணையில், சாக்குக் கட்டியைப் படுக்கவைத்து இழுத்துப் பாறை அடுக்குகளை வரைந்து, நடுவில் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் கொலராடோ ஆற்றை அறுத்துக் காட்டியவர் நீங்கள். அந்த ஈரக்கோடு காய்வதற்குள் "ஆறு வெட்டிய பள்ளம்" என்று மூன்று தடவை சொல்லவைத்தீர்கள். நான் அதைப் போய்ப் பார்த்துவிட்டேன். நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

திட்டம் இதுதான். சனிக்கிழமை நேர் விமானத்தில் லாஸ் வேகாஸ் போய் அங்கே ஓர் இரவு. ஞாயிறு காலை காரில் 260 கிலோமீட்டர் தள்ளியுள்ள சயான் பூங்கா, இரண்டு இரவு. பிறகு பிரைஸ் கேன்யனில் ஓர் இரவு, பேஜ் என்ற சிற்றூரில் ஓர் இரவு, கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் இரண்டு இரவு, மறுபடி லாஸ் வேகாஸ், ஞாயிறன்று வீடு. மொத்தம் சுமார் 1,300 கிலோமீட்டர், தென்காசியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம். அதையும் ஒரு வாரத்தில் பிரித்து ஓட்டுவதால் தம்பிக்குச் சிரமம் இராது. சயானில் பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றோரமாக நடப்பீர்கள், பிரைஸில் ஆயிரக்கணக்கான செந்நிறப் பாறைத் தூண்களை மேலிருந்து பார்ப்பீர்கள். பேஜில் கொலராடோவை மறித்துக் கட்டிய கிளென் கேன்யன் அணையும், ஆறு குதிரை லாடம்போல் வளையும் இடமும் இருக்கின்றன. அந்த வளைவுக்குப் போய்வர இரண்டரை கிலோமீட்டர் பெரும்பாலும் நிழல் இல்லாமல் நடக்க வேண்டும், காலையில் போய்விடுங்கள்.

பேஜில் கடிகாரம் ஒரு சிக்கல். யூட்டா மாநிலத்தில் அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்திருப்பார்கள். எல்லை தாண்டி அரிசோனாவுக்குள் வந்தால் தள்ளுவதில்லை. ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் தள்ளுகிறார்கள். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். அதை நம்பி, முன்பதிவு செய்த ஓர் இடத்துக்கு நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் வெயிலில் காய்ந்தோம். நீங்கள் உங்கள் கைக்கடிகாரத்தையே நம்புங்கள்.

பேஜிலிருந்து வரும்போது கிராண்ட் கேன்யன் பூங்காவின் கிழக்கு வாசல் வழியாக நுழையுங்கள். டெசர்ட் வியூ என்னுமிடத்தில் 1932இல் கட்டிய கல் கோபுரம் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஆறு தெரியும். விடுதிகள் இருக்கும் பக்கத்திலோ பள்ளம் தெரியும் அளவுக்கு ஆறு தெரியாது. மறுநாள் முழுவதையும் ஒரே ஒரு பாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாவபாய் புவியியல் காட்சியகத்தின் அருகே தொடங்கி, விளிம்பை ஒட்டி, சித்தியின் முழங்காலுக்கும் ஒத்துவரும் சமதளமான தார்ப்பாதை அது. அதில் மீட்டருக்கு ஒரு பித்தளைக் குறி பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மீட்டரும் பத்து லட்சம் ஆண்டுகள். அந்தந்தக் காலத்துப் பாறை ஒன்றை அந்தந்த இடத்தில் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். பள்ளத்தின் மேல்விளிம்பில் இருக்கும் கைபாப் சுண்ணாம்புப் பாறை 270ஆவது மீட்டர் வாக்கில் வரும். அடிமட்டத்தில் கருத்துக் கிடக்கும் பாறையைத் தொட 1,700 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மனித இனத்தின் மொத்த ஆயுளும் அந்தக் கணக்கில் உங்கள் மேசையில் கிடந்த அடிஸ்கேலின் நீளம்தான்.

அந்தக் கருத்த பாறைக்கு விஷ்ணுவின் பெயரை வைத்திருக்கிறார்கள். எதிரே நிற்கும் சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயரிட்டவர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர். கோயில் விமானத்தைப்போல் அடுக்கடுக்காகக் கூம்பி நிற்கும் அந்த வடிவத்தைப் பார்த்தால் நீங்களும் அந்தப் பெயரைத்தான் வைப்பீர்கள். சித்தி கும்பிட்டாலும் கும்பிடுவார்.

தம்பியிடம் சொல்லவேண்டியவை இரண்டு. லாஸ் வேகாஸிலிருந்து ஒரே நாளில் கிராண்ட் கேன்யன் என்று விற்கும் சுற்றுலாக்களில் பல, வாலபாய் பழங்குடியினரின் நிலத்தில் உள்ள மேற்கு விளிம்புக்குப் போகின்றன. கண்ணாடி நடைபாதை இருப்பது அங்கேதான். அது தேசியப் பூங்காவுக்கு வெளியே இருக்கிறது. நான் சொன்ன பாதையும் பாறைகளும் அங்கே கிடையா. இரண்டாவது, கட்டணம். 2026 முதல் வெளிநாட்டுப் பயணிகள் பதினாறு வயதோ அதற்கு மேலோ ஆனவர்களாக இருந்தால், கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் உட்பட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கட்ட வேண்டும். அவர்களுக்கான ஆண்டுச் சீட்டின் விலை 250 டாலர். நீங்கள் இருவர், பூங்கா மூன்று. தனித்தனியாகக் கட்டினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்துவிட்டு ஆண்டுச் சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பத் தொடங்குவதால், யாராவது ரத்து செய்கிறார்களா என்று தினமும் பார்க்கட்டும். கிடைக்காவிட்டால் தெற்கு வாசலுக்குச் சற்று வெளியே உள்ள டூசாயனில் அறை எடுக்கலாம்.

சாப்பாட்டுக்குச் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றையும் சித்தியின் புளிக்காய்ச்சலையும் காரில் வையுங்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் சைவம் என்று கேட்டால் பெரும்பாலும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டிதான் வரும். தெற்கு விளிம்பு ஏறத்தாழ கொடைக்கானல் உயரம், பிரைஸ் ஊட்டியைவிட உயரம். அக்டோபர் இரவில் இரண்டு இடத்திலும் தண்ணீர் உறையும் குளிர் இருக்கும். கொடைக்கானல் ஏரிக்கரையில் நீங்கள் வாங்கிய அந்தப் பச்சை ஸ்வெட்டர் போதாது. ஊரிலிருந்து எதுவும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம், என்னிடம் இரண்டு தடித்த கோட்டுகள் சும்மா தொங்குகின்றன. சித்தியின் அளவை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்