அக்காவுக்கு, வேலையை விட்ட பிறகு

அன்புள்ள அக்கா,

ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அத்தான் மூலமாக விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும், அதனால் யாரிடம் கொடுத்தேன், என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வளையல் விஷயத்தையும் இங்கே எழுதப்போவதில்லை. நான் நர்சிங் படித்து முடித்தது எப்படி என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும். அந்த வளையலை நினைத்துத்தான் இவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு டூட்டிக்குப் போனேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

போனில் பேசியிருக்கலாம். கொஞ்ச நேரம் பேசினாலே எனக்குக் குரல் இறங்கிவிடுகிறது. நீ உடனே “ஏன் முனங்குத, தெளிவாப் பேசுட்டி” என்பாய், அப்புறம் சொல்ல வந்ததே போய்விடும். படுத்தபடி, விட்டு விட்டு எழுத முடிகிறது. ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆகவே என் புகுந்த வீட்டைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது. வேலை பார்த்த இடத்தின் பெயரும் இருக்காது. என்னோடு நின்ற பிள்ளைகள் அங்கே இன்னும் நைட் டூட்டி பார்க்கிறார்கள்.

இன்று மே 12. செவிலியர் தினம். வழக்கம்போல மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுத்திருப்பார்கள். நைட்டிங்கேல் அம்மா விளக்கோடு வார்டு வார்டாக நடந்த கதையை யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் 1855-இல் கிரிமியாவில் காய்ச்சலில் விழுந்ததையும், பிழைத்து இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு பல வருஷம் கட்டிலும் அறையுமாகவே கிடந்ததையும் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தக் கட்டிலில் இருந்தபடியேதான், இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமல், இங்கேயிருந்த ராணுவ முகாம்களின் சுகாதாரம் பற்றி எழுதிக் குவித்தார். அவர் நடித்தார் என்று எழுதியவர்களும் உண்டு. எம்.இ. என்று ஒரு நோய் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு தொற்றுக்குப் பிறகு வந்து உட்கார்ந்துகொள்ளும் தீராத அயர்ச்சி. அதற்கான விழிப்புணர்வு நாளும் இதே மே 12. அவர் பிறந்தநாள் என்பதால்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். இது எனக்கு வேலையில் இருந்த வருஷங்களில் தெரியாது.

எனக்குக் கோவிட் வந்த 2021 மே மாதத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரடங்கில் அத்தான் பைக்கில் கொண்டுவந்து கேட்டில் தொங்கவிட்டுப் போன உன் ரசத்தில்தான் பிழைத்தேன். காய்ச்சல் விட்டது, ஆக்ஸிஜன் அளவு ஏறியது, எல்லோரும் சரியாகிவிட்டது என்றார்கள்.

உன் புது வீட்டுப் பால் காய்ப்பு நினைவிருக்கிறதா? எனக்கு அதிலேயே மனசு நிற்கிறது, அங்கிருந்து நகர மாட்டேன் என்கிறது. அன்றைக்கு நான் நன்றாகத்தான் இருந்தேன். விடிவதற்குள் கோலம் போட்டேன், பந்தியில் சாம்பார் வாளி தூக்கினேன். மறுநாளையும் எப்படியோ ஓட்டிவிட்டேன். அதற்கடுத்த நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. பின்னறையில், வாடகைப் பாத்திரங்களுக்கு நடுவே, வெறும் தரையில் கிடந்தேன். டைல்ஸின் குளிர்ச்சி மட்டும்தான் உடம்புக்கு ஒத்துக்கொண்டது. வெளியே அண்டாவை உருட்டுகிற சத்தம் ஒவ்வொன்றும் தலைக்குள் வந்து இடித்தது.

நீதான் வந்து தூக்கி உட்காரவைத்தாய். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது, கையைத் தூக்கிச் சீவிக்கொள்ள எனக்குச் சீவனில்லை. பின்னால் உட்கார்ந்து, உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, நுனியிலிருந்து ஒவ்வொரு சிக்காக எடுத்தாய். வேரில் இழுபட்டு வலிக்கக்கூடாது என்று இடது கையால் முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீப்பை ஓட்டினாய். அம்மா வயலுக்குப் போன காலைகளில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அப்படித்தான் சீவுவாய். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா நிலைப்படியில் வந்து நின்று, “இவளுக்கு என்னட்டி செய்யுது?” என்றாள்.

நீ சீப்பை நிறுத்தவேயில்லை. “ஒண்ணுமில்ல பெரியம்மா. எல்லா டெஸ்ட்டும் நார்மல். மனசுதான். வேலைக்குப் போக மடி, வேறென்ன.”

அந்தக் கையும் அந்த வாயும் ஒருத்தியுடையதுதானா அக்கா? பெரியம்மா அதைக் கொண்டுபோய் எங்கெங்கே சொன்னாள் என்று இங்கே எழுத முடியாது. எழுதினால் உனக்குத்தான் கஷ்டம்.

உன் வீட்டு நல்ல காரியத்தில் நான் அப்படிக் கிடந்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் நீ பார்த்தது முதல் நாள் சாம்பார் வாளி தூக்கியவளை. அதற்கான கூலியை உடம்பு உடனே கேட்பதில்லை. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து, விருந்தாளிகள் பாதிப்பேர் போன பிறகு வந்து கேட்கிறது. இந்த நோயை அடையாளம் காட்டுவதே இந்தத் தாமதம்தான். களைப்பென்றால் தூங்கி எழுந்தால் தீரும். இது தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கிறது.

டெஸ்ட் எல்லாம் நார்மல் என்றாயே, உண்மைதான். ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், எக்கோ எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்தப் பரிசோதனைகள் எதைத் தேடுகின்றனவோ அது எனக்கு இல்லை, அவ்வளவுதான். 2021 அக்டோபரிலேயே உலக சுகாதார நிறுவனம் கோவிட்டுக்குப் பின்னான நிலை என்று இதற்கு வரையறை எழுதிவிட்டது. 2024-இல் ஆம்ஸ்டர்டாமில், என்னைப் போன்றவர்களை சைக்கிள் மிதிக்க வைத்து, மிதிப்பதற்கு முன்னும் பின்னும் தொடையிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்த்தார்கள். தசைக்குச் சக்தி கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா சரியாக வேலை செய்யவில்லை, மிதித்த பிறகு தசைச் சேதம் அதிகமாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு அந்த நள்ளிரவில் உன்னை எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. நீ என்ன சொல்வாயோ என்ற பயம்.

“நட, நடந்தால்தான் சரியாகும்” என்று நீ மட்டும் சொல்லவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடக்கச் சொன்ன பிசியோதெரபிஸ்ட்டும் நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் நடந்தேன், ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைவிடக் குறைவாகத்தான் முடிந்தது. எம்.இ. உள்ளவர்களுக்கு அப்படிப் படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டச் சொல்லி இங்கிலாந்தில் 2007-இல் வழிகாட்டுதல் இருந்தது. 2021-இல் அதை அவர்களே எடுத்துவிட்டார்கள்.

அம்மாவை நினைத்துப் பார். 2006-இல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா வந்தபோது அவளுக்கும் வந்தது. மூட்டுவலி மெல்லப் போன பிறகும் மத்தியானத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாம் யாரும் என்னவென்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊர்ப் பக்கம், அந்தக் கிருமியின் உறவான ராஸ் ரிவர் வைரஸ் உட்பட வெவ்வேறு தொற்று வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்தும் ஏறத்தாழ 12 சதவீதம் பேர் தேறவில்லை. அந்த முடிவு வெளிவந்ததும் அதே 2006-இல்தான். அம்மாவுக்கு இருந்தது இதுதானா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த முகம் எனக்குக் கண்ணாடியில் தெரிகிறது.

வேலையை ஏன் விட்டேன் என்று கேட்டாய். உடம்பு வலிக்காக விடவில்லை. ஐ.சி.யூ.வில் பம்பில் மருந்து ஓடும், மணிக்கு எத்தனை எம்.எல். என்று சார்ட்டில் பார்த்துவிட்டுப் பம்பு வரைக்கும் திரும்புவதற்குள் எண் என் தலையில் இருப்பதில்லை. திரும்பப் பார்ப்பேன், திரும்பப் போய்விடும். இத்தனைக்கும் கணக்கில் என்னைக் கேட்டுத்தான் ஜூனியர் நர்ஸ் பிள்ளைகள் மருந்தைக் கலப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை அக்கா. ஆகிவிடுவதற்கு முன்னால் வெளியே வந்துவிட்டேன். இதை மடி என்று சொல்பவர்கள் வந்து அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கட்டும், எப்படிப்பட்ட நர்ஸ் வேண்டும் என்று அப்போது தெரியும்.

இப்போது ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்கிறேன். தலைக்குக் குளிக்கிற நாளில் சமையல் கிடையாது. தெம்பாக இருக்கிற நாளில்தான் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது, அன்றைக்கே எல்லாவற்றையும் செய்துவிடத் தோன்றும். முடியைத் தோள் வரைக்கும் வெட்டிவிட்டேன். நீ பார்த்தால் திட்டுவாய். தினமும் பின்னிவிட நீ பக்கத்தில் இல்லை, வேறு வழியில்லை.

ஆடிக் கொடைக்கு வருவேன். மத்தியானம் சாமி பார்த்துவிட்டுச் சாப்பிட்டுத் திரும்பிவிடுவேன். பொங்கல் வைக்கவோ, ராத்திரி கண் முழிக்கவோ வரமாட்டேன், அதை அத்தானிடம் இப்போதே சொல்லிவிடு. பின்னறையில் கட்டில் போட்டு வை, சாமான்களை வேறு அறைக்கு மாற்றிவிடு. பெரியம்மா கேட்டால் உடம்புக்கு முடியவில்லை என்று மட்டும் சொல், மனசு என்று சொல்லாதே. அவள் முன்னால் உன்னால் அப்படிச் சொல்ல முடியாது என்றால் முன்கூட்டியே எனக்கு ஒரு போன் போட்டுவிடு. நான் வரவில்லை.

உன் தங்கச்சி