செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025: போட்டிகளும் தரவரிசையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், பெற்றோர்கள் அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் இயங்கிவரும் நம் சதுரங்கச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை இவ்வறிக்கையில் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

ஆண்டின் முதல் மாதத்திலேயே டொரோண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் 14 சுற்றுகளில் 9 புள்ளிகள் எடுத்து, 17 வயதில் உலகப் பட்டத்துக்கு மோதும் உரிமையைப் பெற்றார் நம் சென்னையின் குகேஷ். ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்ற பிறகு கிடைத்த வெற்றி அது என்பதை நம் பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம். அங்கேயே பெண்கள் பிரிவில் வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்ற பின், கடைசி ஐந்து ஆட்டங்களையும் வென்றார். செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்தியா பொதுப்பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் தங்கம் வென்றது. நவம்பரில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடந்த சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். முதன்மைப் பிரிவில் அரவிந்த் சிதம்பரமும், சேலஞ்சர்ஸ் பிரிவில் பிரணவும் வென்றனர். அதே பிரணவ் 2025 மார்ச்சில் உலக ஜூனியர் பட்டமும் பெற்றார்.

டிசம்பர் 12 அன்று மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் யாரும் பலகையைத் தொடவில்லை. சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம் டிராவில்தான் முடியும் என்று பெரியவர்கள் நாங்கள் முடிவுகட்டியிருந்த வேளையில், நடப்பு சாம்பியன் டிங் லிரன் 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டால் ஒரு சிப்பாய் கூடுதலாக உள்ள குகேஷுக்கு வெற்றி உறுதி என்பதைப் பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எங்களுக்கு முன்பே சொல்லிவிட்டான். ராஜா–சிப்பாய் இறுதியாட்டம் சலிப்பூட்டுகிறது என்ற பேச்சு அன்றோடு நம் வகுப்பில் நின்றது. அடுத்து வந்த வகுப்புகளில் அதையே பாடமாக வைத்தோம்.

இனி, ஆண்டு முழுவதும் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட ரேட்டிங் (ஆட்டக்காரரின் வலிமையைக் காட்டும் எண்) பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 மார்ச் 1 முதல் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தன் குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000-இலிருந்து 1400-ஆக உயர்த்தியது. அத்துடன் 2000-க்குக் கீழ் இருந்த ஒவ்வொருவருக்கும், 2000-ஐ எட்ட எவ்வளவு குறைந்ததோ அதில் பத்தில் நான்கு பங்கை ஒரே தடவையாகச் சேர்த்துக் கொடுத்தது. 1120 வைத்திருந்த பிள்ளை ஒரே நாளில் 1472 ஆனதும், 1600 வைத்திருந்தவர் 1760 ஆனதும் இப்படித்தான். சில பெற்றோர்கள் இதைப் பிள்ளையின் முன்னேற்றம் என்று எண்ணி மகிழ்ந்தனர்; சிலர் எல்லோருக்கும் கூடியதால் தம் பிள்ளையின் இடம் பறிபோயிற்று என்று வருந்தினர். இரண்டும் சரியல்ல. இந்த மாற்றத்தால் வரிசையில் யாரும் யாரையும் முந்தவில்லை. இடைவெளி மட்டுமே சுருங்கியது. முன்பு 200 புள்ளி இடைவெளியில் இருந்த இருவருக்கு இடையே இப்போது 120 புள்ளிதான். 200 இடைவெளி என்றால் வலுவானவர் 100 ஆட்டங்களில் 76 புள்ளிகள் எடுக்க வேண்டும் என்று பொருள். 120 என்றால் 66 போதும். நம் மண்டபத்தில் குறைந்த ரேட்டிங் பிள்ளைகள் பெரியவர்களிடம் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு, இரண்டாவது கணக்கே உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது தெரியும்.

மூத்த உறுப்பினர்களின் மனக்குறையையும் பதிவு செய்வது என் கடமை. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, ரேட்டிங் 2300-க்குக் கீழ் இருக்கும்வரை, ஓர் ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் கே காரணி 40. நம் மூத்தவர்களில் பெரும்பாலோருக்கு 20. 1700-இல் இருக்கும் ஒருவர் 1500-இல் இருக்கும் சிறுமியிடம் தோற்றால் அவர் இழப்பது 15.2, அவள் பெறுவது 30.4. வாராவாரம் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையின் ரேட்டிங் அவளது ஆட்டத்துக்குப் பின்னால்தான் வந்து சேரும் என்பதால், இடையில் அகப்படுபவர் நஷ்டப்படுகிறார். இதனால் சிலர் ரேட்டிங் போட்டிகளையே தவிர்க்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் ஒதுங்கினால் பிள்ளைகள் பிள்ளைகளோடு மட்டுமே ஆடுவார்கள். பொறுமையாக நின்று ஆடும் ஒருவரிடம் தோற்றுக் கற்கும் வாய்ப்பு நம் சென்னைப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போகும்.

இதற்காகவே செயற்குழு இவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமை லீக்கைத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல், ஏறக்குறையச் சமப் புள்ளி எடுத்தவர்கள் சுற்றுதோறும் மோதும் ஸ்விஸ் முறையில் 9 சுற்றுகள். ஃபிடே ரேட்டிங் இதில் சேராது. சங்கத்துக்கென்று ஒரு தரவரிசை வைத்து, அனைவருக்கும் கே காரணி 20 என்று கணக்கிட்டு, மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். நகர்வுகளை எழுதாமல் ஆட யாருக்கும் அனுமதியில்லை. முதல் சுற்றுகளில் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் ஆடி முடித்துவிட்டு எழுந்து போனது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஐந்தாம் சுற்று வரும்போது நேரம் முழுவதையும் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அக்டோபர் மழையில் மண்டபத்துக்குள் தண்ணீர் புகுந்ததால் ஒரு சுற்றும், நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலால் மறுநாள் நடக்கவேண்டிய சுற்றும் தள்ளிப்போயின. நனைந்த பலகைகளை மொட்டைமாடியில் உலர்த்தி, ஊறிப்போன கடிகாரங்களைச் சரிபார்த்துக் கொடுத்த உறுப்பினர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டுள்ளது.

லீக்கின் சங்கத் தரவரிசையில் முன்னணிக்கு வந்தவர்களில் ஒருவர் அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவி. நுழைவுக் கட்டணமும் வெளியூர்ப் பயணமும் கட்டுப்படியாகாததால் அவர் அதுவரை ஒரு ரேட்டிங் போட்டியும் ஆடியதில்லை. எனவே எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. செயற்குழு அவரது அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்புப் பதிவுக்கும் இரண்டு போட்டிகளுக்கும் செலவை ஏற்றது. ரேட்டிங் பெற்ற எதிராளிகளோடு ஐந்து ஆட்டங்கள் ஆடினால்தான் முதல் ரேட்டிங் வெளியாகும் என்பதால், முதல் போட்டியோடு அது முடியவில்லை. இரண்டாவது போட்டிக்குப் பிறகே பட்டியலில் அவர் பெயர் வந்தது. இது நம் சங்கம் இவ்வாண்டு செய்த பணிகளில் ஆகச் சிறந்தது என்று நான் கருதுகிறேன். இவரைப் போன்ற பிள்ளைகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள்.

மே மாத விடுமுறை வகுப்பும், தைப்பொங்கலையொட்டிய ரேபிட் (விரைவு ஆட்ட) போட்டியும் வழக்கம்போல் நடைபெற்றன.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று வேண்டுகோள்களை இப்பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறது. லீக்கை ஜூனில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிக்க வேண்டும். மழையில் பழுதான கடிகாரங்களுக்குப் பதில் புதியவை வாங்க வேண்டும். ரேட்டிங் போட்டிகளுக்குச் செல்ல இயலாத பிள்ளைகளுக்கென்று தனி நிதி ஒதுக்க வேண்டும். மூன்றாவதற்கு உறுப்பினர்கள் தம்மால் இயன்ற தொகையைப் பொருளாளரிடம் அளிக்கலாம். மூத்த உறுப்பினர்கள் லீக்கில் ஒரு பலகையில் அமர்ந்து ஆடினால், அதையும் நன்கொடையாகவே ஏற்போம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
மேற்கு மாம்பலம், சென்னை