காலையில் ஏறிய லோடு மதியம் ஏறாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் விழுந்தது என்றாலே மின்கம்பியில் மோதியிருக்கும், இல்லாவிட்டால் இன்ஜின் நின்றிருக்கும் என்று பேசி முடித்துவிடுகிறோம். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேலெழும்ப முடியாமல் ஓடுபாதையின் கடைசி வேலியில் போய் நொறுங்கும் விமானங்களும் உண்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மருந்து தெளிக்கும் ஏர் டிராக்டர் 802 விமானத்தின் தொட்டி சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். தண்ணீரில் கலந்த மருந்து என்றால் 3 டன். விமானத்தின் மொத்த எடையே 7,257 கிலோவைத் தாண்டக் கூடாது என்னும்போது இது எவ்வளவு பெரிய சுமை என்று பாருங்கள். இதைத் தூக்கிக்கொண்டு புல்தரையிலும் மண்பாதையிலும் ஒரே நாளில் பல தடவை எழும்ப வேண்டும்.

சிறிய விமானங்களுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் எழும்பும் தூரம் சுமார் 10 சதவீதம் கூடும். எழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பின்காற்று அடித்தால் இன்னொரு 20 சதவீதம். இரண்டும் சேர்ந்தால், காலையில் 600 மீட்டரில் எழும்பிய விமானத்துக்கு, லோடு துளியும் கூடாமலே, மதியம் கிட்டத்தட்ட 800 மீட்டர் வேண்டும். பாதை 700 மீட்டர்தான் என்றால்? பின்காற்றில் ஏன் கிளம்புகிறார்கள் என்று கேட்கலாம். மருந்து லாரி பாதையின் ஒரு முனையில் நிற்கும், அதை நோக்கி இறங்கி, நிரப்பிக்கொண்டு, வந்த வழியே திரும்பிக் கிளம்பினால் நேரம் மிச்சம், அதனால்தான்.

அப்புறம், அவசரத்தில் மருந்தைக் கீழே கொட்டிவிட ஒரு லீவர் உண்டு. இழுத்தால் சில நொடிகளில் தொட்டி காலியாகும், விமானம் லேசாகிவிடும். ஆனால் விலை உயர்ந்த மருந்து, முதலாளி என்ன சொல்வாரோ என்று கை தயங்குகிறது. தரையை ஒட்டி இருக்கும்வரை காற்று கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவதால் சக்கரமும் எழும்பிவிடும், சரி ஏறிவிடலாம் என்று தோன்றும், அதற்கு மேல் ஏறாது. பாதையோரம் ஒரு கொடி நட்டு, அதைத் தாண்டியும் சக்கரம் தரையில் இருந்தால் கொட்டிவிடுவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கொட்டியதற்காக எந்த முதலாளியும் விமானியிடம் கணக்குக் கேட்கக் கூடாது. வெயில் ஏற ஏற லோடைக் குறைத்தே ஆக வேண்டும், நடை கூடினாலும் பரவாயில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், அன்றைய வெப்பம், காற்றின் திசை, தொட்டியில் இருந்த அளவு இந்த மூன்றையும் உங்கள் நிருபர்கள் தயவுசெய்து கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்