ஞாயிறு ஐக்கிய விருந்து: தட்டு, குப்பை, மீந்த சாப்பாடு

சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். இந்த ஞாயிறு முதல் காகிதத் தட்டும் ஸ்டைரோஃபோம் டப்பாவும் கிடையாது, எவர்சில்வர் தட்டுதான். ஐயாயிரம் பேரைப் போஷித்த பிறகும் மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொன்னார் இயேசு (யோவான் 6:12). அற்புதம் செய்தவரே வீணாக்கவில்லை, நாம் வீணாக்கலாமா?

சிங்கப்பூரில் நாம் போடும் பொதுக் குப்பையை எரித்து, சாம்பலைக் கடல்வழியாகச் செமக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். 1999-இல் செயல்படத் தொடங்கிய அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கக் கணிப்பு.

மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில்தான் அதிகம் தவறுகிறோம். பிரியாணி எண்ணெய் படிந்த ஒரு டப்பா போதும், பக்கத்திலுள்ள நல்ல காகிதமும் வீணாகும். டிஷ்யூவும் காகிதக் கோப்பையும் அதில் சேராது. கோப்பையின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பாட்டிலைக் காலிசெய்து, லேசாக அலசிப் போடுங்கள்.

சமைத்த சாப்பாட்டை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். காலை 9.30-க்கு இறக்கிய சாம்பாரை மதியம் 1.30-க்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே 12.30-க்கே மீதியைப் பகிர்ந்துவிடுவோம். மூடியுள்ள டப்பா கொண்டுவாருங்கள், வீடு போனதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வருகிறவர்கள் எண்ணிக்கையை வெள்ளி இரவுக்குள் இங்கே சொல்லுங்கள். கிலோ அரிசிக்கு 8 பேர் என்று கணக்கிட்டு உலை வைப்போம்.

கழுவுமுன் எச்சிலை வாளியில் வழித்துவிடவும். எண்ணெய் குழாயில் உறைந்தால் அடைத்துக்கொள்ளும். தட்டு கழுவ 4 பேர் தேவை, பெயர் கொடுங்கள்.