ஃப்ரைபுர்க்கிலிருந்து அப்பாவுக்கு

ஃப்ரைபுர்க், ஜெர்மனி
17 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், மனம் நிம்மதியானது. அத்தையின் பெருங்குடல் புண் நோய்க்காக, செய்தித்தாளில் படித்த இந்த ஊர் பாக்டீரியா மாத்திரையை வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அனுப்பலாமா கூடாதா என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் காரணம் தெரியாமல் நீங்கள் எதையும் ஏற்றதில்லை. இன்று ஞாயிறு. கடைகள் எல்லாம் மூடிக்கிடக்கின்றன. துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டினால்கூடக் கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டுவார். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் இங்கே பெரிய ஆராய்ச்சி செய்வதாக உறவினர்களிடம் சொல்லி வருகிறீர்களாம். நான் எலி வளர்க்கிறேன் அப்பா. ஆராய்ச்சி செய்கிறவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள். காபி குடிக்கும்போது அவர்கள் பேசுவதைக் கேட்டும், கேள்வி கேட்டு அவர்களைத் துளைத்தும் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கடிதத்தில் இருப்பவை.

என் பொறுப்பில் இருப்பவை ஒரு கிருமிகூட இல்லாத சுண்டெலிகள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆன பெரிய கூடாரங்களில் வாழ்கின்றன, ஐசோலேட்டர் என்பார்கள். உள்ளே போகும் காற்று வடிகட்டப்பட்டது. சுவரோடு பிணைந்த நீண்ட ரப்பர் கையுறைகளுக்குள் கைவிட்டுத்தான் கூண்டைத் திறக்க வேண்டும். தீனி, தண்ணீர், படுக்கைத் தூள் எல்லாம் கிருமி நீக்கப்பட்ட பிறகே உள்ளே போகும். நுழைவாயிலிலும் பெர்அசெட்டிக் அமிலத்தைத் தெளித்துக் காத்திருக்க வேண்டும். அந்த நெடிக்கு முன்னால் உங்கள் பிளீச்சிங் பவுடர் ஒன்றுமே இல்லை. வேலைக்குள் போகுமுன் பொட்டு, வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட வேண்டும். அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்த காலமெல்லாம் நீங்கள் ஆசைப்பட்ட உலகம் இதுதானே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த எலிகளைப் பார்த்தால் ஆரோக்கியம் என்று சொல்லமாட்டீர்கள். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் உள்ள பை பல மடங்கு ஊதிக்கிடக்கும். வைட்டமின் கே-யைத் தீனியில் கூடுதலாகச் சேர்க்காவிட்டால் இரத்தம் ஒழுங்காக உறையாது, ஏனென்றால் அதைச் செய்து தரும் பாக்டீரியா உள்ளே இல்லை. குடல் சுவரில் நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் திட்டுகள் சிறுத்துப்போயிருக்கும். எதிரியைப் பார்த்திராத படை பயிற்சி பெறாமல் இருப்பதில் வியப்பில்லை. எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று: அந்தப் படையை அடக்கிவைக்கும் அமைதி காக்கும் செல்களும் அவற்றின் பெருங்குடலில் குறைவு.

அத்தையின் நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. உடலில் அழற்சியை மூட்டும் சமிக்ஞைகள் இருப்பதைப்போல அதைத் தணிக்கும் சமிக்ஞைகளும் உண்டு. அவற்றில் முக்கியமானது இன்டர்லூகின்-10 என்னும் சிறு புரதம். 1989-இல் அமெரிக்காவில் டிம் மோஸ்மன் குழுவினர் அறிவித்தது. 1993-இல் இந்த நாட்டின் கொலோன் பல்கலைக்கழகத்தில் அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவை நீக்கிச் சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை சரியாக வளரவில்லை, இரத்தசோகை பிடித்தது, குடல் முழுக்க அழற்சி. நோய்க்கிருமிகள் அண்டாத சுத்தமான கூடத்தில் வளர்ந்தவற்றுக்கு நோய் பெருங்குடலின் ஒரு பகுதியோடு நின்றது. 1998-இல் அதே வகை எலிகளை முற்றிலும் கிருமியற்ற ஐசோலேட்டரில் வளர்த்துப் பார்த்தார்கள். நோய் வரவே இல்லை. பிறகு அவற்றுக்கு எந்த எலியின் வயிற்றிலும் இருக்கும் சாதாரணக் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே குடல் அழற்சி கண்டது.

ஆக, நோயாக்கியது காலராவும் அல்ல, டைபாய்டும் அல்ல. நம் எல்லோர் வயிற்றிலும் கோடிக்கணக்கில் குடியிருப்பவற்றைப் போன்ற கிருமிகள்தான். தணிக்கும் சமிக்ஞை இல்லாதபோது உடல் அவற்றோடே ஓயாமல் சண்டையிடுகிறது. மனிதரிலும் இது நடக்கும் என்பதை 2009-இல் ஹனோவர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் க்ளைன் குழு காட்டியது. பிறந்த முதல் ஆண்டிலேயே குடல் புண்ணாகிப்போன குழந்தைகளில் சிலருக்கு இன்டர்லூகின்-10-ஐ வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு பழுதாக இருந்தது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். நம் வீட்டில் நடந்த திருமணங்களை எண்ணிக்கொண்டேன். ஒரு குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்தார்கள், தேறிவிட்டது.

அமைதி காக்கும் செல்களை வளர்ப்பவையும் பாக்டீரியாதான். 2011-இல் ஜப்பானில் கென்யா ஹோண்டாவின் குழு, கிருமியற்ற எலிகளுக்குக் க்ளாஸ்ட்ரிடியா வகைகளைக் கொடுத்தபோது பெருங்குடலில் அந்த அமைதி காக்கும் செல்கள், அதாவது ஒழுங்குபடுத்தும் டி செல்கள், பெருகின. டெட்டனஸ் கிருமியின் குலப்பெயர்தான், பயப்படாதீர்கள். இவை சாதுவான கிளை. 2013-இல் அதே குழு மனித மலத்திலிருந்து அப்படிப்பட்ட 17 வகைகளைப் பிரித்தெடுத்தது. இத்தகைய பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலத்தை உண்டாக்குகின்றன. வெண்ணெய் கெட்டால் வரும் நாற்றத்துக்குக் காரணமும் அதுவே. டி செல்லுக்குள் மரபணுக்களைச் சுற்றி இறுகியிருக்கும் புரதக் கட்டை அது தளர்த்துகிறது. அந்தச் செல் தணிக்கும் வேலைக்குத் திரும்புகிறது. பாரிஸில் ஹாரி சோகோல் என்பவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இந்த வழியில்தான் போகிறது. க்ரோன் என்னும் குடல் அழற்சி நோய்க்காகக் குடலில் அறுவை செய்துகொண்டவர்களில், ஃபீகாலிபாக்டீரியம் ப்ராஸ்நிட்சியை என்ற ஒரு குடல்வாசி குறைந்திருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

இதுவரை படித்தால் அத்தைக்கு நல்ல பாக்டீரியாவை அனுப்புவதில் என்ன தயக்கம் என்று கேட்பீர்கள். இனிதான் நீங்கள் வாழ்நாளெல்லாம் துரத்தியவர்களின் கதை.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் வட ஜெர்மனிக்காரர். காலையில் அரைத்த பன்றி இறைச்சியை ரொட்டியில் தடவி, வெங்காயம் தூவிச் சாப்பிடுகிறார். பச்சை இறைச்சி அப்பா, அடுப்பையே பார்க்காதது! ‘மெட்’ என்று பெயர். ரொட்டிக் கடைகளிலேயே விற்கிறார்கள். நீங்களாக இருந்தால் கடைக்குச் சீல் வைத்திருப்பீர்கள். இந்த நாட்டில் யெர்சினியா என்டெரோகொலிட்டிகா என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி பரவ இந்தப் பச்சை இறைச்சி முக்கியக் காரணம். 1994-இல் சூரத்தில் பிளேக் என்று நாடே நடுங்கியபோது நீங்கள் இரவெல்லாம் எலிப்பொறிக்கு ஆள் திரட்டினீர்களே, அந்தப் பிளேக் கிருமியின் உறவுக்காரன் இது.

மியூனிக்கில் பெட்டன்கோஃபர் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. காலரா கிருமியால் மட்டும் வருவதில்லை என்று நிரூபிக்க 1892-இல் கிருமி வளர்த்த திரவத்தைக் குடித்துக் காட்டிய அதே மனிதர்தான். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பினார். அங்கே 2002-இல் ஆந்திரேயாஸ் ஸிங் என்பவரும் குழுவினரும் கண்டது: யெர்சினியா ‘வி ஆன்டிஜென்’ என்ற புரதத்தை வெளியே விடுகிறது. அது கிருமிகளை விழுங்கி அழிக்கும் நம் விழுங்கு செல்களின் மேலுள்ள ஏற்பிகளைத் தொட்டு, அவற்றையே இன்டர்லூகின்-10 சுரக்க வைக்கிறது. சண்டைக்கு வந்த செல் தானாகவே அடங்கிவிடுகிறது, கிருமி நிம்மதியாகப் பெருகுகிறது. இன்டர்லூகின்-10 இல்லாத எலிகள் இந்தக் கிருமியை நன்றாகத் தாக்குப்பிடித்தன. சொந்தக் குடல் பாக்டீரியாவால் நலிந்துபோன அதே கொலோன் வகை எலிகள்தாம் அவை! நகராட்சி முத்திரையைக் கள்ளத்தனமாகச் செய்து ஒருவன் உணவுக் கடை உரிமம் தயாரித்தானே, உங்களுக்கு நினைவிருக்கும். முத்திரை அசல் போலவே இருந்தது, கையில் வைத்திருந்தவன்தான் வேறு ஆள்.

கெட்ட உணவால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா இன்னும் பெரிய கில்லாடி. டைஃபிமியூரியம் வகை, விழுங்கு செல்லுக்குள் நுழைந்ததும் ஸ்டீ-இ என்ற புரதத்தைச் செலுத்தி, அந்தச் செல்லின் சொந்த நொதிகளைத் திசைமாற்றி, அழற்சி தணிக்கும் குணத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஆனால் குடல் குழாய்க்குள் அதே கிருமிக்கு அழற்சி வேண்டும். அழற்சியின்போது அங்கே டெட்ராதயோனேட் என்ற பொருள் உருவாகிறது. சால்மோனெல்லா அதைக்கொண்டு சுவாசிக்கும். போட்டியிடும் மற்றக் குடல் பாக்டீரியாக்களுக்கு அது முடியாது. 2010-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரியாஸ் போய்ம்லர் குழு இதைக் காட்டியது. ஓரிடத்தில் தணிப்பது, இன்னோரிடத்தில் மூட்டுவது, இரண்டிலும் அதற்கே லாபம். தணிக்கும் சமிக்ஞையை அதிகமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் சால்மோனெல்லாவிடம் ஒரு வாரம் பாடம் படிக்கலாம்.

இப்போது நீங்கள் செய்தித்தாளில் படித்த மாத்திரை. அது உண்மையில் இந்த ஊர்ச் சரக்குதான். முதல் உலகப் போரின்போது ஆல்ஃப்ரெட் நிஸ்லே என்ற ஃப்ரைபுர்க் மருத்துவர், பால்கன் பகுதியில் படையினரிடையே சீதபேதி பரவியபோது நோய் வராமல் திரும்பிய ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் ஒரு வகையைப் பிரித்தெடுத்தார். ஆண்டு 1917, அதுவே அந்தக் கிருமியின் பெயரில் ஒட்டிக்கொண்டது. நூறு ஆண்டுகள் கடந்தும் மருந்துக் கடையில் குளிர்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். 2004-இல் வெளியான ஆய்வில், அத்தைக்கு உள்ள அதே பெருங்குடல் புண் நோய் தணிந்திருந்த 327 பேரை ஓராண்டு கவனித்தார்கள். நோய் திரும்பாமல் காப்பதில் நிஸ்லே மாத்திரை, அத்தை சாப்பிடும் மெசலமைன் மருந்துக்குச் சமமாக இருந்தது. சமம்தான், மேல் இல்லை. அந்த ஒரு வகைக்கு மட்டுமே அந்த முடிவு பொருந்தும். கும்பகோணம் மருந்துக் கடையில் அத்தை பார்த்த டப்பாவில் உள்ள பாக்டீரியாக்களுக்கு அல்ல. நிஸ்லே கிருமிக்கும் ஒரு குறை உண்டு: டிஎன்ஏ-வைச் சேதப்படுத்தும் கோலிபாக்டின் என்ற நச்சைச் செய்யும் மரபணுக்கள் அதில் இருக்கின்றன. மேல்மாடிக்காரர்கள் இதைப்பற்றி வாதாடும்போது காபி ஆறிப்போய்விடும்.

இன்டர்லூகின்-10-ஐயே மருந்தாகக் கொடுக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். க்ரோன் நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. பெல்ஜியத்தில் மோர் புளிக்கும் வகைப் பாக்டீரியா ஒன்றைக் குடலுக்குள்ளேயே அந்தப் புரதத்தைச் சுரக்கும்படி மாற்றினார்கள். 2000-இல் எலிகளில் பலித்தது. வெளியே போனால் பிழைக்காதபடி ஒரு மரபணுவையும் எடுத்துவிட்டு, பத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதுகாப்பானதாக இருந்தது. ஆனால் கடையில் வாங்கும் மருந்தாக அது இன்னும் வரவில்லை.

ஆகவே அத்தை மெசலமைனை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. குடல் மருத்துவரிடம் நிஸ்லே மாத்திரையைப்பற்றிக் கேட்கட்டும். அவர் சரி என்று எழுதிக்கொடுத்தால் என்னிடம் சொல்லுங்கள். தபாலில் அனுப்பமாட்டேன், வெயிலில் கிடந்து செத்த கிருமிகள்தான் உங்களுக்கு வந்து சேரும். பொங்கலுக்கு நான் வரும்போது குளிர்பையில் வைத்துக் கையோடு கொண்டுவருவேன். விலை என்னவாக இருந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன், மாமாவிடம் பணம் வாங்காதீர்கள்.

இங்கே தெருவோரங்களில் சின்னச் சின்ன வாய்க்கால்களில் தண்ணீர் ஓடுகிறது. தவறி அதில் கால் வைத்துவிட்டால் இந்த ஊர்க்காரரைத்தான் மணக்க வேண்டிவரும் என்று ஒரு நம்பிக்கை. நான் பார்த்துத்தான் நடக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மேல்மாடியில் ஒருவர் உங்கள் பழைய நாட்குறிப்பில் உள்ள காலராப் பதிவுகளைப் பார்க்க ஆசைப்படுகிறார். படமெடுத்து அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கொடுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி